அமெரிக்காவும் சீனாவும் அடிபட்டால் வன்னிக்கு விடிவு வருமா?

குளக்கட்டு (முத்தையன்கட்டு)

நேற்று முன்தினம் எங்கள் கமக்காரர் அமைப்பின் கூட்டம். காலபோக விதைப்பை எந்தத் திகதிக்குள் முடிப்பது, வாய்க்கால் துப்புரவுக்கு வீட்டுக்கு எத்தனை பேர் வருவது என்பவைதான் பேச வேண்டியவை. செயலாளர் வரும்வரை காத்திருந்தோம். அந்த நேரத்தில் ஒரு தம்பி தொலைபேசியில் காணொளி ஒன்றை ஓடவிட்டார். தாய்வானைச் சீனக் கப்பல்கள் சூழ்ந்துவிட்டன, அமெரிக்கா விமானந்தாங்கிக் கப்பலை அனுப்புகிறது, மூன்றாம் உலகப் போர் வாசலுக்கு வந்துவிட்டது என்று யாரோ உரத்த குரலில் விளக்கிக்கொண்டிருந்தார். தம்பி நிமிர்ந்து, "அடிபடட்டும். இரண்டு பேரும் நன்றாக அடிபட்டால்தான் திருகோணமலையைத் தேடி ஆள் வரும். எங்களுக்கும் ஒரு விடிவு பிறக்கும்" என்றார். நாலைந்து பேர் தலையாட்டினார்கள்.

பின்வரிசையில் ஓர் அம்மா உரப்பையை விரித்து இருந்தார். 2009இல், இறுதிப் போரில், மாத்தளனில் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவர். எழுந்தார். பையை உதறி நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். வரவுப் பதிவேட்டில் கையெழுத்துக்கூட வைக்கவில்லை. கையெழுத்து இல்லாவிட்டால் உரப் பட்டியலில் பெயர் விடுபடக்கூடும் என்பது அவருக்குத் தெரியாதது அல்ல.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. போர் என்ற சொல்லை இந்த மண்ணில் இருந்துகொண்டு ஒருவர் விருப்பமாக உச்சரிக்கும் நிலைக்கு எப்படி வந்தோம்? அதே போரில் வலைஞர்மடத்தில் நாங்கள் பதுங்குகுழி வெட்டியபோது மணல் நிற்கவில்லை. வெட்ட வெட்டச் சரிந்தது. அம்மா தன் கூறைச் சேலையை எடுத்துக் கத்தரித்தார். நீளத்தை ஐந்தாகப் பிரித்து, இரண்டு பக்கமும் கையால் தைத்து, நான் மணலை அள்ளிப் போட வாயைக் கட்டினார். சரிகைக் கரை வெளியே தெரிய அந்த மூட்டைகள் அடுக்கடுக்காக இருந்தன. அந்தக் குழிக்குள் எட்டுப் பேர் நாற்பது நாள் இருந்தோம். வெளியே வந்தவர்கள் ஆறு பேர்.

இதை வாசிப்பவர்களிடம் நேராகவே கேட்கிறேன். இரண்டு வல்லரசுகள் மோதினால் எங்களுக்கு நன்மை வரும் என்று உண்மையாகவே நம்புகிறீர்களா? நம்பினால் ஏன்?

பனிநிலம் (ரொறன்ரோ)

அண்ணை, உங்கள் வலியை மதிக்கிறேன். ஆனால் உணர்ச்சியை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பூகோளத்தைப் பாருங்கள். கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் முதன்மைக் கப்பல் பாதை இலங்கையின் தென்கோடியான தெய்வேந்திர முனைக்கு அருகில் செல்கிறது. சீனா இறக்குமதி செய்யும் எண்ணெயின் பெரும்பகுதி அந்த வழியாகப் போய் மலாக்கா நீரிணையைக் கடக்கிறது. அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017இல் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் போனது. யுவான் வாங் 5 என்ற கண்காணிப்புக் கப்பல் 2022 ஓகஸ்டில் அங்கே வந்து நின்றது. இந்தியாவும் அமெரிக்காவும் கவலை தெரிவித்தன.

வல்லரசுகளுக்குத் தேவை வந்தால் மட்டுமே சிறிய இனங்களின் குரல் கேட்கும். வரலாறு முழுவதும் அப்படித்தான். திருகோணமலை போன்ற இயற்கைத் துறைமுகம் எங்கள் தாயகத்தில் இருக்கிறது. அதை நாங்கள் பேரம்பேசும் பொருளாகப் பயன்படுத்தாவிட்டால் வேறு யாராவது பயன்படுத்துவார்கள்.

அலம்பில் கரை

தம்பி ரொறன்ரோ, கப்பல் பாதையைப் பற்றிச் சொன்னீர்கள். என் படகின் பாதையைப் பற்றி நான் சொல்கிறேன்.

உக்ரேன் போர் 2022 பெப்ரவரியில் தொடங்கியது. அந்த நாடு எங்கே இருக்கிறது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. எண்ணெய் விலை ஏறியது, நாட்டில் டொலரும் இல்லை. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயில் இருந்து ஒரே இரவில் 340 ரூபாய் ஆனது. நான் ஒரு தொழிலுக்கு 25 லீற்றர் எரிப்பேன். 2,175 ரூபாய்க்கு முடிந்த எண்ணெய் 8,500 ரூபாய். வலையில் மீன் விழுந்தாலும் விழாவிட்டாலும் அது போய்விடும். அந்த விலைக்கும் பல நாள் எண்ணெய் இல்லை. கான்களை வரிசையில் வைத்துவிட்டு நிலையத்தின் மதிலோரம் படுத்திருந்தோம். என் மருமகன் இயந்திரத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் துடுப்போடு போனார். துடுப்பால் எவ்வளவு தூரம் போகலாம்?

அது எங்கோ தொலைவில் நடந்த போர். அதில் அமெரிக்கப் படையோ சீனப் படையோ நேரடியாக இறங்கவில்லை. அவர்கள் இருவருமே இறங்கினால் என் கான் நிரம்புமா?

குளக்கட்டு (முத்தையன்கட்டு)

அலம்பில் அண்ணை சொன்னது வயலுக்கும் பொருந்தும். 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தது. அந்த ஆண்டே நவம்பரில் தடையை எடுத்தார்கள். அதற்குள் உலகச் சந்தையில் உரம் யானை விலை. சீனா தன் உர ஏற்றுமதியை இறுக்கிவிட்டது, பிறகு போர் வந்து ரஷ்ய உரமும் தடைப்பட்டது. தடையை எடுத்தும் எங்களுக்கு மூடை கிடைக்கவில்லை. கள்ளச் சந்தையில் ஒரு மூடை யூரியாவுக்கு நாற்பதாயிரம் கேட்டார்கள். என் நாலு ஏக்கரில் நெல் மஞ்சளாக, குட்டையாக நின்றது. அறுவடை இயந்திரத்துக்குக் கொடுத்த கூலிகூட மிஞ்சவில்லை.

வகுப்பறை (வவுனியா)

நான் உயர்தர மாணவருக்கு வரலாறு கற்பிக்கிறேன். இந்த இழையை வாசித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. "பூகோளம்" என்று பனிநிலம் சொன்னார். அந்தப் பூகோளம் எங்களுக்கு ஏற்கெனவே என்ன கொண்டுவந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

1942 ஏப்ரல் 9 அன்று யப்பானிய விமானங்கள் திருகோணமலையைக் குண்டுவீசித் தாக்கின. அன்றே மட்டக்களப்புக் கடலில் பிரித்தானியாவின் ஹேர்மீஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. இயற்கைத் துறைமுகம் என்று பெருமையாகச் சொல்கிறோமே, அது வல்லரசுப் போரில் முக்கிய இலக்கு. அந்தப் போரில் வவுனியாவிலும் பிரித்தானிய விமானப்படைக்கு ஓடுதளம் இருந்தது. ஆகவே வன்னி உலகப் போரை முதன்முறையாகப் பார்க்கப் போவதில்லை.

சோற்றுக் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் இலங்கை உண்ட அரிசியில் பெரும்பகுதி பர்மாவில் இருந்து வந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் யப்பானியரிடம் வீழ்ந்தது. அரிசிக் கப்பல்கள் நின்றன. கூப்பன் வந்தது, கோதுமை மா வந்தது. பாணும் ரொட்டியும் எங்கள் அடுப்படிக்குள் இவ்வளவு ஆழமாக நுழைந்ததற்கு அந்தப் போரும் ஒரு காரணம்.

பத்தாண்டு கழித்து இன்னொரு சோற்றுக் கதை. 1952 டிசெம்பரில் இலங்கை சீனாவுடன் இறப்பர்-அரிசி ஒப்பந்தம் செய்தது. ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பர் கொடுத்து 2,70,000 தொன் அரிசி வாங்குவது என்று ஏற்பாடு. கொரியப் போர் நடந்துகொண்டிருந்தது. அமெரிக்கப் படையினரும் சீனப் படையினரும் அங்கே நேருக்கு நேர் நின்றார்கள். சீனாவுக்கு இறப்பர் விற்றதற்காக அமெரிக்கா எங்களுக்கு உதவியை மறுத்தது. அரிசி வாங்கியதே குற்றமாகிவிட்டது. இரண்டு வல்லரசுகள் மோதும்போது நடுவில் நிற்பவர் கடைக்குப் போய் வருவதற்கும் கணக்குச் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாக அறிவிக்கும் தீர்மானத்தை ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 1971 டிசெம்பர் 16 அன்று நிறைவேற்றியது. சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசு முன்னின்று கொண்டுவந்த தீர்மானம் அது. அதே ஆண்டில்தான் அதே சமுத்திரத்தில் உள்ள டியேகோ கார்சியா தீவில் அமெரிக்கத் தளத்தின் கட்டுமானம் தொடங்கியது. அந்தத் தீவுக்கூட்டத்து மக்களை 1973க்குள் ஒருவர்கூட மிஞ்சாமல் வெளியேற்றிவிட்டார்கள். சமாதான வலயம் தாளில் இருக்கிறது. தளம் கடலில் இருக்கிறது.

ஊசிநூல் (கிளிநொச்சி)

எனக்கு அரசியல் அதிகம் தெரியாது, அக்கா எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். நான் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். நாங்கள் தைப்பதில் பெரும்பகுதி அமெரிக்கக் கடைகளுக்குப் போகிறது.

2025 ஏப்ரலில் அமெரிக்கா ஏறத்தாழ எல்லா நாடுகளுக்கும் புதிய தீர்வை அறிவித்தது. இலங்கைக்கு 44 வீதம். சீனாவும் அமெரிக்காவும் ஒன்றுக்கொன்று வரியைக் கூட்டிக்கொண்டே போய் நூறு வீதத்தையும் தாண்டின. அன்று மாலை எங்கள் வரிசையில் ஒருவரும் பேசவில்லை. பக்கத்து இயந்திரத்தில் இருக்கும் பிள்ளை, அடைவு வைத்த காப்பை மீட்க மேலதிக வேலையை நம்பி இருந்தவர். அடுத்த வாரம் மேலதிக வேலை நின்றது. பிறகு வரியை 30 ஆக்கினார்கள், ஓகஸ்டில் 20 ஆக்கினார்கள். அந்த நாலு மாதமும் ஒவ்வொரு நாளும் செய்தி பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போனோம்.

இது வெறும் வரிச் சண்டை. துவக்குச் சண்டை வந்தால் எங்கள் கால்சட்டைகளை ஏற்றும் கொள்கலன்கள் எந்தக் கடலால் போகும் என்று யாராவது சொல்லுங்கள். எங்கள் வரிசையில் முக்கால்வாசிப் பேர் கணவனை அல்லது தகப்பனை இழந்த வீட்டுப் பெண்கள்.

பனிநிலம் (ரொறன்ரோ)

நான் போரை விரும்புகிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். என் தமையனும் முள்ளிவாய்க்காலில்தான் இருக்கிறார். எந்த இடம் என்று இன்றுவரை தெரியாது.

ஆனால் ஒரு கேள்விக்குப் பதில் தாருங்கள். 2009 மே மாதம் 27 அன்று, இரத்தம் காயமுன்னே, ஜெனீவாவில் மனித உரிமைகள் பேரவை இலங்கை அரசைப் பாராட்டித் தீர்மானம் எடுத்தது. ஆதரவு 29, எதிர்ப்பு 12, நடுநிலை 6. சீனா ஆதரவு, இந்தியாவும் ஆதரவு. மூன்று ஆண்டு கழித்து, 2012 மார்ச்சில், அதே பேரவையில் அமெரிக்கா கொண்டுவந்த தீர்மானம் 24க்கு 15 என்று வென்றது. இந்தியா அதற்கு ஆதரவாக வாக்களித்தது. இடையில் என்ன மாறியது? எங்கள் பிணங்களின் எண்ணிக்கையா? இல்லை. கொழும்பு சீனாவின் பக்கம் சாய்ந்தது. போட்டி கூடியதால்தான் அந்தக் கதவு ஓர் அங்குலம் திறந்தது. போட்டியே இல்லாத உலகத்தில் எங்களை யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். இதைச் சொல்வது எனக்கும் கசக்கிறது. ஆனால் உண்மை.

குளக்கட்டு (முத்தையன்கட்டு)

நீங்கள் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஒத்துக்கொள்கிறேன். தமையனின் செய்தி எனக்குத் தெரியாது, மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் தம்பி, போட்டியும் போரும் ஒன்றல்ல. இரண்டு கடைக்காரர் போட்டி போட்டால் வாங்குகிறவனுக்கு ஒரு ரூபாய் மிச்சம். இருவரும் கடைக்கு நெருப்பு வைத்துக்கொண்டால் தெருவே எரியும். ஜெனீவாவில் திறந்தது போட்டியின் கதவு. அந்தக் கதவும் எவ்வளவு நாள் திறந்திருந்தது? 2018இல் அமெரிக்கா அந்தப் பேரவையை விட்டே வெளியேறியது. எங்களைக் கேட்டுவிட்டு வெளியேறவில்லை.

இன்னும் பின்னால் போங்கள். எங்கள் தலைக்கு மேல் பறந்த எப்-7 விமானம் சீனத் தயாரிப்பு. கடலில் நின்ற சமுதுர என்ற கப்பல் 2004இல் அமெரிக்கா இலங்கைக் கடற்படைக்குக் கொடுத்தது. உலகம் முழுவதும் மல்லுக்கட்டுகிற இரண்டு பேரும் எங்கள் விடயத்தில் ஒரே பக்கத்துக்குப் பொருள் கொடுத்தார்கள். 2009இல் பாதுகாப்புச் சபையின் நிகழ்ச்சி நிரலில் எங்கள் பெயர் ஏறவேயில்லை. சீனாவும் ரஷ்யாவும் தடுத்தன என்பது தெரியும். மற்றவர்கள் எவ்வளவு தூரம் முட்டிப் பார்த்தார்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும். நாங்கள் வானொலிப் பெட்டியைக் காதில் ஒட்டிக்கொண்டு ஒவ்வோர் இரவும் கேட்டுக்கொண்டிருந்தோம். கப்பல் வருகிறது என்று சொன்னார்கள். அமெரிக்கக் கப்பல் வந்து எல்லோரையும் ஏற்றப் போகிறது என்று குழிக்குக் குழி செய்தி பரவியது. அம்மா ஒரு பையில் உடுப்பு மடித்து வைத்திருந்தார். அந்தப் பை கடைசிவரை மடித்தபடியே இருந்தது.

ஆகவேதான் சொல்கிறேன். அவர்கள் சமாதானமாக இருந்த காலத்திலேயே எங்களுக்காகக் கப்பல் வரவில்லை. அவர்களே போரில் இருக்கும்போது எந்தக் கப்பலில் எங்களுக்கு இடம்?

அலம்பில் கரை

பூநகரி கௌதாரிமுனையில் 2021இல் சீனக் கூட்டு நிறுவனத்தின் கடலட்டைப் பண்ணை முளைத்தபோது மீனவர் எவ்வளவு போராடினார்கள் என்று நினைவிருக்கும். அதே ஆண்டு டிசெம்பரில் சீனத் தூதுவர் வடக்குக்கு வந்து நல்லூரில் வேட்டியோடு நின்றார், மன்னாருக்கும் போனார், மீனவருக்கு வலையும் உலருணவும் கொடுத்தார். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மின்திட்டம் முதலில் சீன நிறுவனத்துக்கு என்றார்கள். இந்தியா எதிர்த்தது, திட்டம் கைமாறியது. பூநகரியில் காற்றாலை என்று அதானி வந்தார், 2025 பெப்ரவரியில் விலகிப் போனார். இவ்வளவு பேர் வந்து போனார்கள். எங்கள் இறங்குதுறைக்கு ஒரு விளக்குப் போட்டவர் இல்லை. போட்டி எங்களுக்கு நல்லது என்றால் அந்த நன்மை எங்கே இறங்கியது என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

வகுப்பறை (வவுனியா)

என் மாணவர்கள் அடிக்கடி கேட்பது வேறு கேள்வி: "ரீச்சர், உண்மையில் போர் வருமா?"

நான் அவர்களுக்குச் சொல்வதை இங்கும் சொல்கிறேன். வராது என்று நினைப்பதற்குக் காரணங்கள் உண்டு. இருவரிடமும் அணுகுண்டு இருக்கிறது. இருவரும் ஒருவரிடம் ஒருவர் கோடிக்கணக்கில் வாங்கி விற்கிறார்கள். உலகின் மிக நுட்பமான கணினிச் சில்லுகளில் பெரும்பங்கு தாய்வானில் செய்யப்படுகிறது, அந்தத் தொழிற்சாலைகள் அழிந்தால் இருவருக்குமே நட்டம். ஆனால் 1914இலும் ஐரோப்பிய நாடுகள் ஒன்றோடொன்று வாணிபம் செய்துகொண்டுதான் இருந்தன.

எனக்குப் பயம் தருவது திட்டமிட்ட போரைவிடத் தற்செயல். 2001 ஏப்ரலில் ஹைனான் தீவருகே அமெரிக்க உளவு விமானமும் சீனப் போர் விமானமும் மோதின. சீன விமானி இறந்தார். அமெரிக்கர் 24 பேரைச் சீனா 11 நாள் வைத்திருந்து விடுவித்தது. பேசித் தீர்த்தார்கள். 2022 ஓகஸ்டில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் அன்றைய சபாநாயகர் நான்சி பெலோசி தாய்வானுக்குப் போனதும் சீனா படைத்தளபதிகளுக்கு இடையிலான பேச்சையே நிறுத்தியது. அடுத்த ஆண்டு நவம்பரில்தான் மீண்டும் பேச ஒத்துக்கொண்டார்கள். அந்தப் பதினைந்து மாதத்தில் ஒரு விமானம் மோதியிருந்தால்?

தாய்வான் நீரிணையின் மிகக் குறுகிய இடம் ஏறத்தாழ 130 கிலோமீற்றர். நாங்கள் ஏ9இல் வவுனியாவில் இருந்து யாழ்ப்பாணம் போகும் தூரத்தைவிடச் சற்றுக் குறைவு. தாய்வான் பக்கக் கரையில் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் இருக்கிறார்கள். இந்த இழையில் இதுவரை அவர்களைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை.

கின்மென் என்று ஒரு தீவு. தாய்வானின் ஆட்சியில் இருக்கிறது, ஆனால் சீனக் கரையில் இருந்து கண்ணுக்குத் தெரியும் தூரம். 1958 ஓகஸ்ட் 23 தொடங்கி 44 நாளில் அந்தத் தீவில் ஏறத்தாழ 4,70,000 எறிகணைகள் விழுந்தன. பிறகும் ஒருநாள் விட்டு ஒருநாள் என்று 1979 வரை எறிகணை வந்துகொண்டே இருந்தது, அவற்றில் துண்டுப் பிரசுரங்கள் அடைத்திருந்தன. அங்குள்ள கொல்லர்கள் அந்த எறிகணை இரும்பை உருக்கிச் சமையல் கத்தி அடிக்கிறார்கள். எங்கள் கிராமப் பாடசாலையில் எறிகணைக் கோதைக் கட்டித் தொங்கவிட்டு மணியாக அடித்தோம். கின்மென்காரர் ஒருவர் எங்கள் ஊருக்கு வந்தால் அந்த மணியை அவருக்கு விளக்க வேண்டியதில்லை.

சிலாவத்தை

டியேகோ கார்சியா என்று வாசித்ததும் நெஞ்சு அடைத்தது. 2021 ஒக்டோபரில் 89 தமிழர்கள் ஏறிய படகு கனடாவுக்கென்று புறப்பட்டு நடுக்கடலில் பழுதாகி அந்தத் தீவில் ஒதுங்கியது. என் உறவுக்காரர் ஒருவர் அதில் இருந்தார். மூன்று ஆண்டுக்கு மேல் கூடாரத்தில், வேலிக்குள், எலிகளோடு இருந்தார்கள். 2024 டிசெம்பரில்தான் பெரும்பாலானவர்களைப் பிரித்தானியாவுக்கு எடுத்தார்கள். தொலைபேசி கிடைக்கும் நாளில் அவர் சொல்வார்: "அக்கா, ஒரு போருக்குத் தப்பி வந்து இன்னொரு போருக்கு ஆயத்தம் செய்யும் இடத்தில் வந்து விழுந்திருக்கிறேன்." பெரிய போர் தொடங்கினால் முதலில் நெருப்பு விழும் இடங்களில் அந்தத் தீவும் ஒன்று என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இதற்கு மேல் எழுத முடியவில்லை.

மட்டுறுத்துநர்

தனிப்பட்டோரின் பெயர், முகவரி இருந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறோம். இழை நன்றாகப் போகிறது. தொடருங்கள்.

கூட்டத்தில் இருந்தவன்

அண்ணை, அன்று தொலைபேசியில் காணொளி போட்டது நான்தான். நண்பன் இந்த இழையை அனுப்பினான். பெயர் எழுதாமல் விட்டதற்கு நன்றி.

அந்த அம்மா எழுந்து போனதை நான் கவனிக்கவில்லை. இங்கே வாசித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று மூன்று நாளாக யோசித்தேன். 2009இல் எனக்கு ஐந்து வயது. அப்பாவை வட்டுவாகலில் இராணுவத்திடம் கையளித்ததாக அம்மா சொல்வார். எனக்கு நினைவில் இருப்பது அவருடைய நீலச் சாரம் மட்டும். 2017இல் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் வீதியில் அமர்ந்த நாளில் இருந்து அம்மா அவர்களோடு போகிறார். வவுனியாப் பந்தலில் அமெரிக்கக் கொடியும் ஐரோப்பிய ஒன்றியக் கொடியும் பிடித்துக்கொண்டு இருப்பார்களே, அந்த அம்மாமாரோடும் அவர் போய் இருந்திருக்கிறார். ஒருமுறை கேட்டேன், "அம்மா, அந்தக் கொடிக்காரர் வருவார்களா?" என்று. "யாராவது வர வேண்டுமே, தம்பி" என்றார். இத்தனை ஆண்டில் அந்தப் பந்தலில் பல அம்மாமார் இறந்துவிட்டார்கள்.

நான் உயர்தரம் படித்து முடித்து இரண்டு ஆண்டு. வேலை இல்லை. ஒன்றுமே அசையாத இடத்தில் இருக்கும்போது, பெரிய இடி ஒன்று விழுந்தாலாவது ஏதாவது அசையும் என்று தோன்றுகிறது. அன்று வாயில் வந்தது அதுதான். போர் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அசைவு வேண்டும் என்று கேட்டேன். அதற்கு வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

பனிநிலம் (ரொறன்ரோ)

தம்பி, நானும் அதைத்தான் கேட்கிறேன் போலிருக்கிறது. இங்கே பனிக்குள் இருந்துகொண்டு வரைபடம் பார்த்துப் பழகிவிட்டேன். வரைபடத்தில் ஆட்கள் தெரிவதில்லை. பேரம் பேச வேண்டும் என்ற கருத்தை நான் விடவில்லை. ஆனால் பேரத்துக்குப் போர் தேவை என்று எழுதிய தொனியை மீளப் பெறுகிறேன். ஊசிநூல் தங்கச்சி கேட்ட கொள்கலன் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

குளக்கட்டு (முத்தையன்கட்டு)

தம்பி, நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் குளக்கட்டில் போய் நின்றேன். உங்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. அசைவு வேண்டும் என்பது நியாயம். வாருங்கள், இருந்து பேசுவோம். என் வீடு உங்களுக்குத் தெரியும்.

ஒரு விடயம் மட்டும் உடனே செய்ய வேண்டியிருக்கிறது. போர் வந்தாலும் வராவிட்டாலும் கப்பலில் வரும் யூரியாவை மட்டும் நம்பி இனி விதைக்க மாட்டேன் என்று 2022இல் முடிவெடுத்தேன். இரண்டு ஏக்கரில் மொட்டைக்கறுப்பன் என்ற பாரம்பரிய நெல் விதைத்து வருகிறேன். விளைச்சல் குறைவுதான், அதை மறைக்கவில்லை. ஆனால் மாட்டெருவோடு எழும்பி வருகிறது. தாள் நீளம், மாட்டுக்கு வைக்கோலும் ஆகும். இந்த முறை ஆறு மூடை விதைநெல் ஒதுக்கி வைத்திருக்கிறேன். கடன் இல்லை, விலை இல்லை. அறுத்த பிறகு எடுத்த அளவைத் திருப்பித் தந்தால் போதும், அதை அடுத்தவருக்குக் கொடுப்பேன்.

ஊசிநூல் (கிளிநொச்சி)

அண்ணை, எங்கள் அப்பாவுக்கு உருத்திரபுரத்தில் முக்கால் ஏக்கர் மானாவாரி இருக்கிறது. அரை மூடை கிடைக்குமா? ஞாயிறு விடுமுறை, பஸ்ஸில் வந்து எடுக்கிறேன்.

குளக்கட்டு (முத்தையன்கட்டு)

கிடைக்கும் தங்கச்சி. ஒட்டுசுட்டான் சந்தியில் இறங்குங்கள், மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து தருகிறேன். விதைக்க முன் ஒரு நாள் வெயிலில் காயவிடச் சொல்லுங்கள்.

கூட்டத்தில் இருந்தவன்

அண்ணை, செயலாளரிடம் பேசினேன். வெள்ளிக்கிழமைக்குள் என்றால் கையெழுத்தை ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார். பதிவேட்டை நானே எடுத்துக்கொண்டு அந்த அம்மாவிடம் போகிறேன். வீடு எந்த வாய்க்கால் பக்கம்?

குளக்கட்டு (முத்தையன்கட்டு)

இடது கரை, மூன்றாவது வாய்க்கால். பாலம் தாண்டினால் பூவரச வேலி. நாய் குரைக்கும், கடிக்காது. போகும் வழியில் இங்கே வந்து ஒரு மூடை மொட்டைக்கறுப்பன் ஏற்றிக்கொள்ளுங்கள். போன மாதமே கேட்டிருந்தார், கொண்டுபோய்க் கொடுக்க எனக்குத்தான் நேரம் வரவில்லை.